உண்டியல் குலுக்கியவர்கள்

உதவி செய்கிறவனைக் கதாநாயகனாக வைத்து எழுதுவது போன்ற சங்கடமான காரியம் கதாசிரியனுக்கு வேறு இல்லை. நம் தொடர்கதைகளில் வரும் தர்மிஷ்டரான மிராசுதாரையும், ஏழைப் பெண்ணின் வைத்தியச் செலவை யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டுப் போகும் டாக்டரையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது அத்தியாயத்துக்குள் அவர்களைக் கண்டாலே அலுத்துப்போகிறது. அவர்கள் கொடுக்கிறார்கள், எதிரே நிற்பவன் வாங்கிக்கொள்கிறான், கண் கலங்குகிறது, கதை அங்கேயே நின்றுவிடுகிறது. நானே என் நாவல் ஒன்றில் இப்படி ஒரு பெரியவரைச் சிருஷ்டித்துவிட்டு, அவரை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் காசிக்கு அனுப்பிவைத்தேன்.

ஆகையால், 'பிரைட்' என்ற ஆங்கிலப் படத்தின் கதையை ஒரு நண்பர் சுருக்கமாகச் சொன்னபோது எனக்கு உற்சாகம் ஏற்படவில்லை. லண்டனில் சில தன்பாலீர்ப்பாளர்கள், அதாவது ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும், ஒன்றுசேர்ந்து, வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பணம் வசூலித்துக் கொடுத்தார்களாம். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு மனம் மாறினார்களாம். முடிவில் எல்லோரும் தோளில் கை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்களாம். "நிஜமாக நடந்தது, சார்" என்று நண்பர் அழுத்தி வேறு சொன்னார். நிஜமாக நடந்தது என்பது ஒரு கதைக்குச் சிபாரிசு ஆகாது என்பது என் நெடுநாளைய கட்சி. இருந்தாலும் பார்த்தேன். பிறகு இன்னொரு முறையும் பார்த்தேன். அதன் பிறகு அந்தச் சம்பவங்களைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படம் நன்றாக இருக்கிறது. நடந்தது படத்தைவிட நன்றாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றிச் சொல்லத்தான் உத்தேசம்.

படம் 2014-இல் வந்தது. டைரக்டர் மேத்யூ வார்ச்சஸ். எழுதியவர் ஸ்டீபன் பெரெஸ்ஃபோர்ட். நான் பேசப்போவது பெரும்பாலும் பெரெஸ்ஃபோர்டைப் பற்றித்தான். ஏனென்றால் இந்தப் படத்தின் குணங்களும் குற்றங்களும் எழுத்தாளனுடைய குணங்களும் குற்றங்களுமே.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1984-ஆம் வருஷம் மார்ச் மாதம் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இருபது சுரங்கங்களை மூடப்போவதாகவும், இருபதாயிரம் பேருக்கு வேலை போகும் என்றும் அறிவிப்பு வந்திருந்தது. மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் இறங்கிவருவதாக இல்லை. தொழிலாளர்களும் இறங்கிவரவில்லை. போராட்டம் ஏறக்குறைய ஒரு வருஷம் இழுத்தது. தேசியச் சங்கத்தின் பணத்தில் கோர்ட்டு கை வைத்துவிட்டதால், சங்கத்துக்கு நன்கொடை அனுப்பிப் பயனில்லாமல் போயிற்று. ஆகவே நகரங்களில் இருந்த ஆதரவாளர்கள் ஏதாவது ஒரு சுரங்க ஊரைத் தத்து எடுத்துக்கொண்டு, அந்த ஊருக்கே நேராகப் பணமும் உணவுப் பொருளும் அனுப்பத் தொடங்கினார்கள். கதைக்கு இந்த விவரம் முக்கியம். பணம் ஒரு பொது நிதிக்குப் போயிருந்தால் கொடுத்தவனும் வாங்கினவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அந்த வருஷம் ஜூன் மாதம் லண்டனில் தன்பாலீர்ப்பாளர்களின் வருடாந்தரப் பெருமித ஊர்வலம் நடந்தது. அதில் மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்ற இரண்டு நண்பர்கள் வாளியை ஏந்திக்கொண்டு சுரங்கத் தொழிலாளர்களுக்காக வசூல் செய்தார்கள். அந்த வசூலிலிருந்து பிறந்ததுதான் 'லெஸ்பியன்ஸ் அண்ட் கேஸ் சப்போர்ட் தி மைனர்ஸ்' என்ற குழு. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: நாங்கள் இன்னார், இன்னாரை ஆதரிக்கிறோம். சௌகரியத்துக்காக 'லண்டன் நண்பர்கள் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, தாங்கள் யார் என்பதை மறைத்துப் பணத்தை மட்டும் அனுப்பியிருக்கலாம். பணம் பணம்தானே. அப்படிச் செய்யவில்லை. தங்களை இன்னார் என்று ஏற்றுக்கொண்டு வாங்கினால்தான் அது உதவி. இல்லாவிட்டால் வெறும் மணியார்டர் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

பணம் போன இடம் தெற்கு வேல்ஸில் டிலைஸ் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் நம் நாக்குக்கு மட்டுமல்ல, லண்டன்காரர்களின் நாக்குக்கும் புரள்வதில்லை. படத்தில் இதை வைத்துக் கொஞ்சம் சிரிப்பும் உண்டு. அந்தப் பகுதிகளின் ஆதரவுக் குழு, கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டது. அக்டோபரில் லண்டன்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களாகப் புறப்பட்டுப்போய், தொழிலாளர் வீடுகளிலேயே தங்கினார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி லண்டன் காம்டனில் 'எலெக்ட்ரிக் பால்ரூம்' என்ற மண்டபத்தில் ஒரு கச்சேரி நடத்தினார்கள். அந்நாளில் பிரபலமான 'பிரான்ஸ்கி பீட்' கோஷ்டி பாடியது. 5,650 பவுன் சேர்ந்தது. 1985-க்குள் லண்டன் குழு மட்டும் சேர்த்த தொகை சுமார் 22,500 பவுன். நாட்டின் மற்ற ஊர்களிலும் இதே பெயரில் குழுக்கள் முளைத்தன.

இந்தத் தொகை எப்படிச் சேர்ந்தது என்பதைப் படம் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புத்தகக்கடை வாசலில், மதுக்கடை வாசலில், மழையில் நின்றுகொண்டு உண்டியல் குலுக்குகிறார்கள். போகிறவன் காசு போடுகிறான், அல்லது எச்சில் துப்புகிறான். இரண்டையும் வாங்கிக்கொண்டு குலுக்குகிறார்கள். நம் ஊரில் கட்சிக்கு உண்டியல் குலுக்கினவர்களைக் கேட்டால் சொல்வார்கள், முதல் அரைமணி நேரம்தான் வெட்கமாக இருக்கும் என்று. அந்த முதல் அரைமணி நேரத்தின் வெட்கமும், பிறகு அது மரத்துப்போய் ஒருவிதத் துணிச்சலாக மாறுவதும் அந்த நடிகர்களின் தோளிலும் கையிலும் தெரிகின்றன.

அந்தப் புத்தகக்கடை நிஜமானது. லண்டன் மார்ச்மாண்ட் தெருவில் 1979-இல் திறந்த 'கேஸ் தி வேர்ட்' என்ற கடை. குழு கூட்டம் போட்ட இடங்களில் அதுவும் ஒன்று. இந்தக் கடைக்கு 1984-இல் ஒரு சோதனை வந்தது. சுங்க அதிகாரிகள் புகுந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளிப் போனவற்றில் டென்னஸி வில்லியம்ஸும் ஜான் ஜெனேயும் கிறிஸ்டோபர் இஷர்வுட்டும் இருந்தார்கள். ஆபாச நூல்களை இறக்குமதி செய்யச் சதி செய்ததாகக் கடையை நடத்தியவர்கள்மீது வழக்குப் போட்டு, 1986-இல் அந்த வழக்கைக் கைவிட்டார்கள். பெரெஸ்ஃபோர்டு இதை ஒரு காட்சியாக எழுதாமல் விட்டது எனக்குப் புரியவில்லை. சுரங்க வாசலில் அதே வருஷத்தில் போலீஸ் குதிரைகள் நிற்கின்றன. இங்கே புத்தகக்கடை வாசலில் அதிகாரிகள் நிற்கிறார்கள். முன்பின் அறியாத ஒரு பள்ளத்தாக்குக்காரன் அடிபடுவதைப் பார்த்து, "இந்த அடி எனக்குத் தெரியும்" என்று ஒரு லண்டன் வாலிபன் எப்படி நினைத்தான் என்பதற்கு வசனமே தேவைப்பட்டிருக்காது. படம் இதை மார்க்கின் வாயில் ஒரு பிரசங்கமாக வைத்துவிடுகிறது. நல்ல பிரசங்கம்தான், ஆனாலும் பிரசங்கம்.

இங்கே ஒரு விஷயம். படத்தில் வருபவனை 'மார்க்' என்றும் 'அவன்' என்றும், வாழ்ந்த மனிதரை 'ஆஷ்டன்' என்றும் 'அவர்' என்றும் எழுதப்போகிறேன். இரண்டும் ஒருவரல்ல என்பதை நானும் மறக்காமல் இருக்க இது ஒரு வழி.

படத்தின் நல்ல காட்சிகளுக்கு வருகிறேன். பள்ளத்தாக்கின் சார்பில் டாய் டோனவன் என்ற தொழிலாளர் லண்டனுக்கு வந்து, பணம் அனுப்பியவர்களைச் சந்திக்கிறார். குழுவின் பெயரில் உள்ள முதல் எழுத்து லண்டனைக் குறிக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தவர் அவர். உண்மை தெரிந்ததும் அவர் முகத்தில் ஓடும் அந்த ஒரு நிமிஷத்தை நடிகர் பேடி கான்ஸிடைன் செய்திருக்கும் விதத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். அதிர்ச்சி இல்லை, அருவருப்பு இல்லை; பெரியதனமாக எதையாவது சொல்லிவைக்கலாம் என்ற அவசரமும் இல்லை. புதிதாக ஒரு கணக்கு வந்திருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு நிதானம். பிறகு தன்பாலீர்ப்பாளர்களின் மதுக்கடையில் மேடை ஏறி நன்றி சொல்கிறார். நன்றி சொல்வது எப்படி என்பதை நம் சங்கத் தலைவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்.

டாய், மார்க்குக்கு ஒரு பழைய சங்கப் பதாகையைக் காட்டுகிறார். அதில் ஒன்றை ஒன்று பற்றிய இரண்டு கைகள். நீ என்னைத் தாங்கு, நான் உன்னைத் தாங்குகிறேன் என்பது அதன் பொருள். நான் ஆரம்பத்தில் சொன்ன மிராசுதார்க் கதைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதாகையில் இருக்கிறது. மிராசுதார் கொடுத்தால் கை மேலே இருக்கும், வாங்குகிறவன் கை கீழே இருக்கும். பதாகையில் இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. பெரெஸ்ஃபோர்டு இதைப் புரிந்துகொண்டவர். அதனால்தான் முக்கால்வாசிப் படத்தில் யாரும் யாருக்கும் உபகாரம் செய்வதில்லை.

இன்னொரு காட்சி ஊர் மன்றத்தின் சமையற்கட்டில். ஹெவினா என்ற ஆதரவுக் குழுத் தலைவியும், கிளிஃப் என்ற வயதானவரும் ரொட்டித் துண்டுகளுக்கு வெண்ணெய் தடவி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கிளிஃப் பள்ளத்தாக்கின் சரித்திரத்தையும் சுரங்கத்தின் சரித்திரத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கையிலிருந்து கண்ணை எடுக்காமல், தானும் அந்த லண்டன் பையன்களைப் போலத்தான் என்று சொல்கிறார். ஹெவினாவும் கையிலிருந்து கண்ணை எடுக்காமல், அது தனக்குப் பல வருஷமாகத் தெரியும் என்கிறாள். மறுபடி ரொட்டியை அடுக்குகிறார்கள். அவ்வளவுதான். பில் நைஹியும் இமெல்டா ஸ்டான்டனும் நடித்திருக்கிறார்கள். வேறு டைரக்டராக இருந்தால் இங்கே வயலின் வந்திருக்கும்.

இந்தக் காட்சியைப் பற்றி யோசிக்க யோசிக்க அதன் பயங்கரமும் தெரிகிறது. ஊருக்கு ஊர் ஒரு கிளிஃப் உண்டு. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மரியாதையாக நடத்துவார்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அவருடைய வாழ்நாள் அந்த மரியாதைக்குள்ளேயே கழிந்துவிடும். நூறு மைலுக்கு அப்பாலிருந்து அந்நியர்கள் வந்து, ஊர் நடுவில் கூச்சமில்லாமல் நடனம் ஆடிவிட்டுப் போனதன் பயன், அந்தக் கிழவர் தன் ஆயுளில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்தது. இதைப் படம் எங்கேயும் விளக்கவில்லை என்பதற்காக பெரெஸ்ஃபோர்டை மெச்சுகிறேன்.

இனிக் குறைகள்.

முதல் குறை, ஜோ என்கிற இருபது வயதுப் பையன். இவன் கற்பனைப் பாத்திரம். புறநகரில் நல்ல குடும்பத்துப் பிள்ளை, பெற்றோருக்குத் தெரியாமல் ஊர்வலத்துக்கு வருகிறான், பயப்படுகிறான், பிறகு பயம் தெளிகிறான். 1967-இல் வந்த சட்டம் இருபத்தொரு வயது நிறைந்த ஆண்களுக்கு மட்டுமே விலக்குக் கொடுத்திருந்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இவன் இன்னும் குற்றவாளி. சுவாரஸ்யமான நிலைமை. ஆனால் பெரெஸ்ஃபோர்டு அவனை வைத்திருப்பது வேறு காரியத்துக்கு. அவன் நமக்காக வைக்கப்பட்டவன். படம் பார்க்க வந்த மத்தியதரக் குடும்பத்து மனிதர் நேராக மார்க்கின் பக்கத்தில் போய் உட்காரக் கூசுவார், ஆகையால் நடுவில் ஒரு மெத்தை போட்டிருக்கிறார். இந்த மெத்தையை நானும் பல நாவல்களில் போட்டிருக்கிறேன். அதனால்தான் கண்ட மாத்திரத்தில் அடையாளம் தெரிகிறது. வாசகர்களைவிட நாம் கொஞ்சம் அதிகம் பயப்படுகிறோம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது குறை, மோரின் என்ற பெண்மணி. பள்ளத்தாக்கில் உள்ள வெறுப்பையெல்லாம் மூட்டை கட்டி இவள் ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டார் கதாசிரியர். பத்திரிகைக்குச் சொல்லிவிடுகிறவள் இவள். லண்டன்காரர்கள் இல்லாத சமயம் பார்த்து வாக்கெடுப்பு நடந்து, அவர்களுடைய உதவி வேண்டாம் என்று முடிவாகும்படி செய்வதும் இவள். நிஜத்தில் அந்த உறவு முறியவில்லை. கடைசிவரை பணம் போயிற்று. கடைசிவரை பள்ளத்தாக்கு அதை வாங்கிக்கொண்டது. முறிவு இல்லாமல் மூன்றாவது அங்கம் இல்லை என்று எந்தப் பாடப் புத்தகமோ சொல்லியிருக்கிறது போலும். நிஜத்தில் இருந்த கஷ்டம் வில்லி இல்லாத கஷ்டம். ஒவ்வொரு வீட்டிலும் கணவனுக்கும் மனைவிக்கும், தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில், இவர்களை வீட்டில் படுக்க வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ராத்திரியில் தணிந்த குரலில் நடந்திருக்கக்கூடிய பேச்சு. அதை எழுதத் திறமையுள்ளவர் என்பதைச் சமையற்கட்டுக் காட்சியில் நிரூபித்தவரே மோரினைத் துணைக்கு அழைத்துக்கொண்டார் என்பதுதான் வருத்தம்.

மூன்றாவது, பெண்கள். குழுவில் ஆண்களே பெரும்பான்மை. அவர்களுடைய கூட்டங்களில் தங்கள் குரல் எடுபடவில்லை என்று சில பெண்கள் 1984 நவம்பரில் பிரிந்து, 'லெஸ்பியன்ஸ் அகெய்ன்ஸ்ட் பிட் க்ளோஷர்ஸ்' என்று தனிக்குழு அமைத்துக்கொண்டு, தாங்களும் உண்டியல் குலுக்கினார்கள். படம் இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. கூட்டத்துக்குள் ஒரு கூட்டம், அதற்குள் இன்னொரு கூட்டம் என்ற சுலபமான சிரிப்பு. எல்லோரையும் சேர்த்துக்கொள்வதைக் கொள்கையாகக் கொண்ட ஒரு சங்கம், தனக்குள்ளேயே சிலருக்கு இடம் போதவில்லை என்பதை எப்படி எதிர்கொண்டது என்பதல்லவா கதை? சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

நான்காவது குறைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. மார்க் ஆஷ்டன் ஒரு கம்யூனிஸ்ட். போகிறபோக்கில் அனுதாபம் வைத்திருந்தவர் அல்ல, கட்சி அங்கத்தினர். பின்னால் கட்சியின் வாலிபர் சங்கத்துக்குப் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். படத்தில் இது ஒரு வசவுச் சொல்லாக எங்கோ காதில் விழுந்து மறைகிறது. மார்க் ஏன் சுரங்கத் தொழிலாளிக்காகக் கவலைப்படுகிறான் என்றால், படத்தின்படி, அவன் நல்லவன், துணிச்சல்காரன், தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்தான், மனசுக்குப் பட்டது.

ஆஷ்டனின் சரித்திரம் இப்படி இல்லை. வட அயர்லாந்தில் வளர்ந்தவர். ஜவுளி இயந்திரத் தொழிலில் இருந்த தகப்பனாருக்கு பங்களாதேஷில் வேலை. 1982-இல் ஆஷ்டன் பெற்றோரைப் பார்க்கப் போய், மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தார். அந்த மூன்று மாதம் அவரை மாற்றிவிட்டது என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். என்ன பார்த்தார், யாரிடம் பேசினார் என்பதையெல்லாம் ஒரு நாவலாசிரியன் ஊகித்து எழுதலாம். அந்த ஈரமும் புழுக்கமும், மில்லிலிருந்து வெளியே வரும் கூட்டமும், வெள்ளைக்காரப் பொறியாளர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பையனும் என் கண்முன் வருகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் லண்டனில் வாளியைத் தூக்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதை விட்டதற்குக் காரணம் சொல்வார்கள்: பார்க்கிறவர்கள் மிரண்டுவிடுவார்கள். தன்பாலீர்ப்பாளன் என்றால் இந்தக் காலத்தில் டிக்கெட் வாங்குகிறவன் மிரள மாட்டான், கம்யூனிஸ்ட் என்றால் மிரள்வான் என்ற கணக்கு. அமெரிக்காவில் இந்தப் படத்தின் டிவிடியை வெளியிட்டவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அட்டைப் படத்தின் பின்னால் இருந்த பதாகையிலிருந்து 'லெஸ்பியன்ஸ் அண்ட் கேஸ்' என்ற வார்த்தைகளை அழித்து, கதைக் குறிப்பிலும் அந்த விஷயத்தை எடுத்துவிட்டார்கள். ஒருவர் கட்சியை அழித்தார். அடுத்தவர் ஆளையே அழித்தார். முதல் அழிப்பை ஒப்புக்கொண்டவர்களுக்கு இரண்டாவதைக் கண்டு கோபப்பட எவ்வளவு பாத்தியதை உண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

கொள்கையை எடுத்துவிட்டு நல்ல மனசை மட்டும் வைத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கதையின் நஷ்டத்தையே சொல்கிறேன். நல்ல மனசு சனிக்கிழமை சாயங்காலம் வரும், ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் வராது. இவர்கள் வேலைநிறுத்தம் முடியும்வரை வாராவாரம் கூடினார்கள், வாராவாரம் தெருவில் நின்றார்கள், காசை எண்ணினார்கள், எழுதிவைத்தார்கள், அனுப்பினார்கள். 'டான்ஸிங் இன் டிலைஸ்' என்று அவர்களே 1986-இல் வெளிக்கொண்டுவந்த குறும்படம் ஒன்று இருக்கிறது. மங்கலான படம், கரகரப்பான ஒலி. அதில் இருப்பவர்கள் படத்து நடிகர்களைவிட அழகில் குறைந்தவர்கள், பேச்சில் தெளிவானவர்கள். தங்களுக்கும் சுரங்கத்துக்கும் என்ன உறவு என்பதை யோசித்து முடித்தவர்களின் பேச்சு அது. மனம் இளகிப்போய் வந்தவர்கள் மாதிரி ஒருவர்கூடத் தெரியவில்லை. கொடுத்துவிட்டுக் கண் கலங்கும் மிராசுதாரைக் கதையிலிருந்து விரட்டியது இந்தத் தெளிவுதான். தெளிவை எடுத்துவிட்டால் அவர் கொல்லைப்புற வழியாகத் திரும்ப வந்துவிடுகிறார். படத்தின் கடைசிக் கால்வாசியில், மோரின் தொலைந்து எல்லோரும் ஒருவரை ஒருவர் ஈரக்கண்ணோடு பார்க்கத் தொடங்கும்போது, அவருடைய செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

கச்சேரிக்கு அவர்கள் வைத்த பெயரையும் சொல்ல வேண்டும்: 'பிட்ஸ் அண்ட் பெர்வர்ட்ஸ்'. சுரங்கக் குழிகளும் வக்கிரக்காரர்களும் என்று அர்த்தம். ஒரு பத்திரிகை வசவாக எழுதியதை மார்க் பிடித்துக்கொண்டு கச்சேரிக்குப் பெயராகச் சூட்டுவதாகப் படம் காட்டுகிறது. ஊரார் வைத்த பட்டப்பெயரை வாசற்பலகையில் எழுதி மாட்டிவிட்டால் பிறகு அதைச் சொல்லித் திட்ட முடியாது என்பது நம் கிராமத்துக் குறும்புக்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான். அந்த மேடையில் நிஜமான டாய் டோனவன் பேசினார். நீங்கள் எங்கள் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டீர்கள், இனி நாங்கள் உங்கள் சின்னத்தைக் குத்திக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார். மேடையில் சொல்கிற வாக்குகளின் கதி நமக்குத் தெரியும்.

இந்த வாக்கு அப்படிப் போகவில்லை. 1985 மார்ச் 3-ஆம் தேதி வேலைநிறுத்தத்தைக் கைவிடுவதென்று சங்கம் முடிவு செய்தது. ஒன்றும் கிடைக்காமல் தொழிலாளர்கள் திரும்ப வேலைக்குப் போனார்கள். தோற்றவர்கள் பழைய நண்பர்களைப் பார்க்கக் கூசுவதுதான் உலக வழக்கம். அந்த வருஷம் லண்டன் பெருமித ஊர்வலத்துக்கு வேல்ஸிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு, பதாகையோடு வந்து முன்னால் நடந்தார்கள். அதே 1985-இல் லேபர் கட்சியின் மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைகளை ஆதரிக்கும் தீர்மானம் நிறைவேறியது. சுரங்கத் தொழிலாளர் சங்கம் தன் வாக்குகளையெல்லாம் மொத்தமாக அந்தப் பக்கம் போட்டது. படம் இந்த மாநாட்டை முடிவில் எழுத்தில் போட்டுவிட்டு ஊர்வலத்தைக் காட்சியாக எடுக்கிறது. சினிமாவுக்கு அதுதான் சரி. ஆனால் நாவலாக இருந்தால் நான் மாநாட்டைத்தான் எழுதியிருப்பேன். கசங்கிய கோட்டுப் போட்ட சங்கத்துக்காரர்கள், புகை, தேநீர், தீர்மானத்தின் எண்ணைப் படிக்கும் சலிப்பான குரல், தூக்கிய கைகள்.

முப்பது வருஷம் கழித்து, படம் தந்த புகழில், 2015-ஆம் வருஷ ஊர்வலத்தை முன்னின்று நடத்தும்படி பழைய குழுவினரைக் கேட்டுக்கொண்டார்கள். தொழிற்சங்கங்களும் எங்களோடு சேர்ந்து நடக்குமா என்று இவர்கள் கேட்டார்கள். முன்வரிசையில் சங்கங்களுக்கு இடமில்லை, அவர்கள் பின்னால் வரலாம் என்று பதில் வந்தது. அதற்குள் பெரிய கம்பெனிகள் பணம் கொடுத்து நடத்தும் விழாவாக அது மாறியிருந்தது. இவர்கள் முன்வரிசையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பின்னால் போய்ச் சங்கங்களோடு நடந்தார்கள். தலை நரைத்தவர்கள். இந்தச் சம்பவம் படத்துக்குப் பிறகு நடந்ததால் படத்தில் இல்லை. நடந்திருந்தாலும் பெரெஸ்ஃபோர்டு இதை எடுத்திருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது. இதில் கண்ணீர் இல்லை.

அவரவர் கதை என்ன ஆயிற்று என்று படம் முடியும்போது எழுத்தில் வருகிறது. பள்ளத்தாக்கில் உணவுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஷான் ஜேம்ஸ் என்ற பெண் பிறகு கல்லூரியில் படித்து, 2005-இல் பார்லிமெண்ட் அங்கத்தினர் ஆனார். லண்டன் குழுவின் ஜொனாதன் பிளேக், எச்.ஐ.வி. கண்டதாக அந்த நாட்டில் முதன்முதலில் அறியப்பட்டவர்களில் ஒருவர். படம் வந்தபோது உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். ஹெவினா ஹெடன் பார்க்கவில்லை. முந்தின வருஷம் காலமாகிவிட்டார். ஆஷ்டன் எய்ட்ஸ் நோயினால் 1987 பிப்ரவரி 11-ஆம் தேதி இறந்தார். வயது இருபத்தாறு. மார்ச்மாண்ட் தெருப் புத்தகக்கடைக்கு மேலே 2017-இல் அவர் பெயரில் நீலப் பலகை பதித்தார்கள். டிலைஸில் இருந்த பிளைனன்ட் சுரங்கத்தை 1990-இல் மூடினார்கள்.

லண்டன் குழுவினர் பள்ளத்தாக்குக்கு ஒரு வேன் வாங்கிக் கொடுத்தார்கள். குழுவின் பெயர் அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. உணவுப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பெயரோடு அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. தேவாலய வாசலிலும், பள்ளிக்கூட வாசலிலும், சுரங்க வாசலிலும் நின்றிருக்கிறது. கிளிஃப் போன்ற ஒருவர் தம் வீட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருப்பார்.